திண்ணை வரை வரட்டும்!

பழைய மளிகை மண்டிகளிலும் ஜவுளிக் கடைகளிலும் கணக்குப்பிள்ளை என்று ஒருவர் இருப்பார். 'என் பாக்கி எவ்வளவு?' என்று கேட்டு வரும் வாடிக்கையாளருக்குப் பேரேட்டைப் புரட்டி, அவருடைய பக்கத்தை மட்டும் காட்டுவார். எதிர்ப்பக்கத்தில் வேறொருவர் கணக்கு இருந்தால், அதன் மேல் ஒரு தாளை வைத்து மறைத்துக்கொள்வார். பேரேட்டையே தூக்கி வாடிக்கையாளர் கையில் கொடுத்து, 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போன கணக்குப்பிள்ளையை யாரும் கண்டதில்லை.

இன்று பேரேடு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அதை வைத்திருக்கும் சர்வர் அலுவலகத்தின் ஒரு மூலையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாடிக்கையாளரும் மாறிவிட்டார். ஃபரிதாபாத்திலோ பானிப்பட்டிலோ தன் இடத்தில் உட்கார்ந்தபடியே கணக்கைப் பார்க்க வேண்டும் என்கிறார். ஆடிட்டரிடம் கணக்கைக் கொடுத்தவர் தன் லெட்ஜரைப் பார்க்க விரும்புகிறார். மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும் டீலருக்குக் கையிருப்பு தெரிய வேண்டும். லாரி புக்கிங் ஆபீஸில் சரக்கு போட்டவருக்கு, அது நாக்பூரைத் தாண்டிவிட்டதா என்று தெரிய வேண்டும். எல்லாம் நியாயமான ஆசைகள்தாம். முடியாது என்றால், முடியும் என்று சொல்கிற அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

ஆகவே வழி திறந்துவிடுகிறோம். கணக்குப்பிள்ளை ஒருநாளும் செய்யாத காரியத்தை அப்போதுதான் செய்கிறோம்; பேரேட்டை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். வாடிக்கையாளர் கேட்டது விவரம். நாம் கொடுப்பதோ நம் கம்ப்யூட்டருக்குள் நுழையும் வழி. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியை இங்கே பார்ப்போம்.

ரயில்வே காட்டிய வழி

நமக்கெல்லாம் தெரிந்த ஓர் உதாரணத்திலிருந்து தொடங்கலாம். ரயில் முன்பதிவைக் கம்ப்யூட்டர் மயமாக்கும் வேலை தில்லியில் 1985-86இல் தொடங்கியது. ஆனாலும் ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ இடம் பிடிக்க நாம் கவுண்ட்டர் வரிசையில் நின்றாக வேண்டும். 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையவழி முன்பதிவைத் தொடங்கியது. வீட்டிலிருந்தே பதிவு செய்தோம். ஆரம்பத்தில் டிக்கெட் கூரியரில் வீடு தேடி வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கோடிக்கணக்கான பயணிகளில் ஒருவர்கூட முன்பதிவுக் கம்ப்யூட்டருக்குள் நேரடியாக நுழைவதில்லை. நடுவில் ஓர் இணையதளம் நிற்கிறது. எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை பேர் என்று சில கேள்விகளை மட்டும் அது வாங்கிக்கொள்ளும். உள்ளே கேட்டுப் பதிலைக் கொண்டுவந்து தரும். கவுண்ட்டரில் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தா செய்த வேலைதான் அது. கவுண்ட்டர் போனாலும் கம்பி போகவில்லை.

சிறிய நிறுவனங்களில் வாடிக்கையாளருக்கு வழி விடும்போது, பெரும்பாலும் இந்தக் கம்பியைத்தான் முதலில் கழற்றிவிடுகிறார்கள்.

கொல்லைக் கதவு

எப்படி என்று பாருங்கள். விண்டோஸ் சர்வர்களில் ரிமோட் டெஸ்க்டாப் என்று ஒரு வசதி உண்டு. எங்கோ இருந்துகொண்டு, சர்வரின் முன்னாலேயே உட்கார்ந்திருப்பதுபோல் அதன் திரையைப் பார்க்கலாம்; மவுஸை நகர்த்தலாம்; கோப்புகளைத் திறக்கலாம். நேரு பிளேஸிலிருந்து வரும் கம்ப்யூட்டர்காரர் ரவுட்டரில் 3389 என்ற எண்ணுள்ள வாசலைத் திறந்து சர்வருக்கு நேராகத் திருப்பிவிடுவார். பத்து வாடிக்கையாளருக்கும் சேர்த்து ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. அரை மணி நேர வேலை. தனிச் செலவு கிடையாது. எல்லோருக்கும் சந்தோஷம்.

'என் சின்னக் கடையைத் தேடி யார் வரப்போகிறார்கள்?' என்று உரிமையாளர் கேட்பார். யாரும் தேடி வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் இணையத்தில் உள்ள ஒவ்வொரு முகவரியையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. தெருவில் ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகும் திருடனுக்கு, உள்ளே இருப்பது சேட்டா குமாஸ்தாவா என்பது பற்றிக் கவலையில்லை. கதவு அசைகிறதா என்பதுதான் கேள்வி. 3389 அசைந்தால், அடுத்து பாஸ்வேர்டு ஊகம் தொடங்கும். சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு கணக்கு தானே பூட்டிக்கொள்ளும்படி அமைக்காவிட்டால், அந்த ஊகம் நாள் கணக்கில் தொடரும். கம்பெனி பெயரும் வருடமும் சேர்த்து வைத்த பாஸ்வேர்டு எத்தனை நாள் தாங்கும்? வாசல் எண்ணை 3389இலிருந்து வேறொன்றுக்கு மாற்றிவைப்பதாலும் பெரிய பயனில்லை. எல்லா எண்களையும் தட்டிப் பார்ப்பதற்கு அந்தப் புரோகிராம்களுக்குச் சோம்பல் இல்லை.

பாஸ்வேர்டே தேவைப்படாத சந்தர்ப்பங்களும் உண்டு. 2019 மே மாதம் 'புளூகீப்' என்ற ஓட்டை வெளிவந்தது. அப்போது இருந்த பழைய விண்டோஸ் 7, சர்வர் 2008 போன்றவற்றில், ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, பெயரோ பாஸ்வேர்டோ கொடுக்காமலே உள்ளே நுழைய அது இடம் கொடுத்தது. ஆதரவை நிறுத்திப் பல வருடங்களான விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது என்றால், ஆபத்து எவ்வளவு பெரிது என்று புரியும்.

நுழைந்தவன் என்ன செய்வான்? இப்போதெல்லாம் அவன் எதையும் தூக்கிக்கொண்டு போவதோடு நிற்பதில்லை. கணக்குக் கோப்புகளையெல்லாம் ரகசியக் குறியீடாக மாற்றிவிட்டு, திறக்கும் சாவிக்குப் பணம் கேட்பான். சர்வரிலேயே சொருகி வைத்த பேக்கப் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடுவான். வருமானவரித் தணிக்கைக் கெடு நெருங்கும் செப்டம்பர் மாதத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இது நடந்தால் என்னவாகும்? அதைவிட மோசம், பூட்டப்பட்டவை அவருடைய சொந்தக் கணக்குகள் அல்ல. நம்பிக் கொடுத்த கட்சிக்காரர்களின் பான் எண், ஆதார் நகல், சம்பளப் பட்டியல், வங்கி விவரம் எல்லாம் அதில் அடக்கம்.

சுரங்கப்பாதை போதுமா?

'அப்படியானால் வி.பி.என். போட்டுவிடலாமே' என்று சிலர் சொல்வார்கள். நல்ல யோசனைதான். இணையத்துக்குள்ளே தனக்கென்று ஒரு சுரங்கப்பாதை வெட்டிக்கொள்வது வி.பி.என். பாதையில் போகும் செய்தியை வெளியார் படிக்க முடியாது. 3389 வாசலைத் தெருப்பக்கம் அடைத்துவிடலாம்.

ஆனால் சுரங்கம் பாதுகாப்பது பாதையை மட்டுந்தான். அதன் மறுமுனையில் இருப்பவர் யார், அவருடைய கம்ப்யூட்டரில் என்ன வைரஸ் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வாடிக்கையாளரின் மகன் விளையாட்டு இறக்கிய அதே லாப்டாப் சுரங்கம் வழியாக இணைந்தால், அது நம் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களில் ஒன்றாகவே ஆகிவிடுகிறது. அதிலுள்ள நோய் நம்முடையதாகிறது.

அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரிய கடைத்தொடரில் 2013இல் நடந்தது இதுதான். குளிர்சாதன வேலை செய்யும் ஓர் ஒப்பந்தக்காரருக்குக் கம்பெனியின் நெட்வொர்க்கில் நுழையப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தார்கள். திருடர்கள் அவரிடமிருந்து அவற்றைக் களவாடி உள்ளே நுழைந்து, அங்கிருந்து கடைகளின் பில் போடும் இயந்திரங்கள் வரை போய்விட்டார்கள். ஏறத்தாழ 4 கோடி கார்டுகளின் விவரம் பறிபோயிற்று. ஏ.சி. ரிப்பேருக்கு வந்தவருக்கும் கல்லாப்பெட்டிக்கும் நடுவில் தடுத்து நிறுத்தப் போதிய சுவர் இல்லை.

2021 மே மாதம் அதே நாட்டின் கலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் நிறுவனத்தில் வேறு கதை. யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய வி.பி.என். கணக்கை மூடாமல் விட்டிருந்தார்கள். அதற்கு பாஸ்வேர்டு மட்டுமே காவல், ஓ.டி.பி. போன்ற இரண்டாவது சோதனை எதுவும் இல்லை. அதன் வழியாக நுழைந்தவர்களால் கிழக்குக் கரையோர மாநிலங்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் குழாயையே சில நாள்கள் நிறுத்த வேண்டியதாயிற்று. கம்பெனி கொடுத்த பிணைத்தொகை 44 லட்சம் டாலர்.

ஆகவே வி.பி.என். வேண்டாம் என்பதல்ல. அதைக் கொடுக்கும்போது, இன்னாருக்கு இன்ன சர்வரில் இன்ன வாசல் மட்டும் என்று ஃபயர்வாலில் எழுதிவைக்க வேண்டும். உறவு முடிந்த வாடிக்கையாளரின் கணக்கை அன்றைக்கே மூட வேண்டும். வி.பி.என். பெட்டியும் ஒரு கம்ப்யூட்டர்தான் என்பதை மறக்காமல், அதற்கு வரும் திருத்தங்களை உடனுக்குடன் போட வேண்டும்.

திண்ணையும் கூடமும்

நம் ஊர்ப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். தெருவை ஒட்டித் திண்ணை. அதைத் தாண்டினால் ரேழி, பிறகு முற்றம், கூடம், அதற்கும் உள்ளே நகைப்பெட்டி இருக்கும் அறை. வழிப்போக்கன் திண்ணையில் படுத்துத் தூங்கலாம். தண்ணீர் கேட்டால் சொம்பில் வரும். ஆனால் அவன் உள்ளே போவதில்லை. தண்ணீர்தான் வெளியே வருகிறது. யாருக்கும் அவமரியாதை இல்லை, வீட்டுக்கும் ஆபத்தில்லை.

நெட்வொர்க் நிபுணர்கள் இதே ஏற்பாட்டை டி.எம்.இஸட். என்கிறார்கள். 1953 போர்நிறுத்தத்துக்குப் பின் இரு கொரியாக்களுக்கும் நடுவே விடப்பட்ட படைகளற்ற பகுதிக்கு இருக்கும் பெயர்தான் இது. நாம் திண்ணை என்றே சொல்லிக்கொள்ளலாம். வாடிக்கையாளர் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு சர்வர்; அது அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரிந்து நிற்கும். தெருவிலிருந்து அதற்கு ஒரே ஒரு வாசல், பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்குரிய 443. உள்ளேயிருக்கும் பேரேட்டுச் சர்வர், மணிக்கொரு தடவை, காட்ட வேண்டிய விவரங்களை மட்டும் பிரதி எடுத்துத் திண்ணைக்கு அனுப்பும்.

இதில் உயிரான விஷயம் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பது. உள்ளேயிருந்து திண்ணைக்குப் போகலாம். திண்ணையிலிருந்து உள்ளே எதுவும் தானாகப் போகக் கூடாது. அப்படி ஃபயர்வாலில் விதி எழுதிவிட்டால், ஒருநாள் திண்ணைச் சர்வரையே ஒருவன் பிடித்துக்கொண்டாலும், அவன் கையில் கிடைப்பது அந்தப் பிரதி மட்டுமே. அதுவும் இழப்புதான். ஆனால் மூலப் பேரேடு தப்பியது. மறுநாள் காலை கடை திறக்கலாம்.

இதற்குப் பெரும் பணம் வேண்டுமா? வேண்டியதில்லை. பி.எஃப்.சென்ஸ், ஓ.பி.என்.சென்ஸ் போன்ற ஃபயர்வால் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. திண்ணைச் சர்வரை அலுவலகத்தில் வைக்காமல் மாத வாடகைக்கும் எடுக்கலாம். செலவாவது, ஒழுங்காக அமைத்துத் தரும் ஆளின் நேரத்துக்குத்தான்.

சுவர் எழுப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தில்லிவாசிகள் நேரில் பார்த்திருக்கிறோம். 2022 நவம்பர் 23 அன்று எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. ஏறத்தாழ இரண்டு வாரங்கள் புறநோயாளிச் சீட்டு முதல் ரத்தப் பரிசோதனை முடிவு வரை கையால் எழுத வேண்டியிருந்தது. நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பகுதியாகப் பிரிக்காததே காரணம் என்று மத்திய அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் சொன்னது. கூடத்துக்கும் திண்ணைக்கும் சுவர் இல்லை என்பதைத்தான் அரசு மொழியில் அப்படிச் சொல்கிறார்கள்.

சில தொழில்களில் வாடிக்கையாளர் பார்த்தால் மட்டும் போதாது; தானே வவுச்சர் எழுதவும் வேண்டும். அங்கே திண்ணைப் பிரதி உதவாது. அப்போது அவர்களுக்கென்று தனிச் சர்வர் வையுங்கள். அதில் அலுவலகத்தின் சொந்தக் கோப்புகள் எதுவும் இருக்கக் கூடாது. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு ஃபோல்டர். எவருக்கும் நிர்வாகி அதிகாரம் கிடையாது. ரிமோட் டெஸ்க்டாப்பே வேண்டுமென்றாலும், அது கேட்வே என்னும் காவல்காரரையும் இரண்டாவது சோதனையையும் தாண்டித்தான் வர வேண்டும்.

அவரவர் பக்கம் மட்டும்

திண்ணை கட்டிவிட்டோம். இனி கணக்குப்பிள்ளை எதிர்ப்பக்கத்தில் தாள் வைத்து மறைத்தாரே, அந்த வேலை பாக்கி.

அவசரத்தில் எழுதப்படும் இணையதளங்களில் அடிக்கடி காணும் குறை ஒன்று உண்டு. வாடிக்கையாளர் தன் பெயரில் நுழைகிறார். தன் பில்லைத் திறக்கிறார். மேலே முகவரிப் பட்டையில் பில் எண் 1041 என்று தெரிகிறது. விளையாட்டாக அதை 1042 என்று மாற்றுகிறார். அடுத்தவருடைய பில் திறந்துகொள்கிறது! இதற்கு எந்த ஹேக்கரும் தேவையில்லை. நுழையும்போது 'நீ யார்?' என்று கேட்ட புரோகிராம், ஒவ்வொரு பில்லையும் காட்டும்போது 'இது உன்னுடையதா?' என்று கேட்க மறந்துவிட்டது. இந்தச் சோதனையை நீங்களே இரண்டு நிமிடத்தில் செய்து பார்த்துவிடலாம்.

இரண்டாவது சோதனை பற்றியும் சொல்ல வேண்டும். 2009 ஆகஸ்டிலிருந்து இணையத்தில் கார்டு மூலம் பணம் கட்டுவதற்குக் கூடுதல் அடையாளச் சோதனையை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. அதனால் நம் நாட்டில் பெரியவர்களுக்குக்கூட ஓ.டி.பி. பழகிவிட்டது. கைபேசிச் செயலியில் 30 வினாடிக்கொருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணைக் கேட்பது இன்னும் நல்லது, அதற்கு எஸ்.எம்.எஸ். செலவும் இல்லை. 'வாடிக்கையாளர் சிரமப்படுவார்' என்ற சாக்கு இனிச் செல்லாது. வங்கியில் படும் அதே சிரமத்தை உங்களிடமும் படுவார். உங்கள் மேல் மதிப்பும் கூடும்.

அறுத்துவிடும் கத்தி

2024 ஜூலை கடைசியில் ஒரு சம்பவம். ஸ்டேட் பாங்கும் டி.சி.எஸ்.ஸும் சேர்ந்து தொடங்கிய சி-எட்ஜ் என்ற நிறுவனம், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கம்ப்யூட்டர் சேவை தருகிறது. அதன் சர்வர்கள் சில தாக்குதலுக்கு ஆளாயின. யு.பி.ஐ. முதலியவற்றை நடத்தும் என்.பி.சி.ஐ. என்ன செய்தது தெரியுமா? சி-எட்ஜின் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. ஏறத்தாழ 300 சிறிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள் சிரமப்பட்டார்கள். ஆனால் மற்ற வங்கிகளின் பணப்பட்டுவாடா நடந்துகொண்டே இருந்தது. சரிபார்த்த பின், மறுநாளே இணைப்பு திரும்பக் கொடுக்கப்பட்டது.

இது நமக்கும் பாடம். பத்து வாடிக்கையாளரில் ஒருவருடைய கம்ப்யூட்டருக்கு நோய் என்று தெரிந்தால், அவரை மட்டும் ஐந்து நிமிடத்தில் துண்டிக்க நம்மால் முடியுமா? பத்துப் பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் முடியாது. எல்லோரையும் நிறுத்த வேண்டும். அல்லது யாரையும் நிறுத்த மனம் வராமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சட்டமும் சாட்சியும்

சர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, இத்தகைய தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். யார், எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவுகளை 180 நாள்களுக்கு வைத்திருக்க வேண்டும். சர்வரின் கடிகாரமும் சரியான நேரம் காட்ட வேண்டும். கடிகாரம் தப்பாக இருந்தால் பதிவேடு சாட்சி சொல்ல உதவாதல்லவா? அந்தப் பதிவுகளின் பிரதி வேறொரு இடத்தில் இருப்பது முக்கியம். திருடன் முதலில் அழிப்பது தன் காலடித் தடத்தைத்தான். இது தவிர, தனிநபர் விவரங்களைக் காக்கத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் வகுத்திருக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டர்காரரிடம் கேளுங்கள்

கடை உரிமையாளர் நிபுணராக வேண்டியதில்லை. கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்:

1. தெருப்பக்கம் நம் ரவுட்டரில் எந்தெந்த வாசல் திறந்திருக்கிறது? ஒவ்வொன்றும் எதற்காக?

2. வாடிக்கையாளர் பார்ப்பது மூலப் பேரேட்டையா, பிரதியையா?

3. ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் உண்டா? இரண்டாவது சோதனை உண்டா?

4. போன வருடம் நம்மை விட்டுப் போன வாடிக்கையாளர் இன்றைக்கும் நுழைய முடியுமா?

5. திருத்தங்கள் கடைசியாக எப்போது போடப்பட்டன? 2017 மே மாதம் உலகையே கலக்கிய வான்னக்ரைக்கான திருத்தம், அதற்கு இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் வெளிவந்துவிட்டது. போட்டவர்கள் தப்பினார்கள்.

6. பேக்கப் பிரதிகளில் ஒன்றாவது சர்வரிலிருந்து கழற்றப்பட்டு, வேறு கட்டடத்தில் இருக்கிறதா? அதிலிருந்து கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்தது எப்போது?

ஆறாவது கேள்விக்கு 'பேக்கப் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்' என்று பதில் வந்தால் விடாதீர்கள். எடுத்ததைப் பற்றியல்ல, திரும்ப எடுத்துப் பார்த்ததைப் பற்றித்தான் கேள்வி.

அரண் என்று ஓர் அதிகாரமே வைத்த திருவள்ளுவர், கோட்டையின் உயரம், அகலம், உறுதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, உள்ளே இருப்பவர்களிடம் செயல்திறன் இல்லாவிட்டால் எந்த அரணும் அரண் ஆகாது என்று முடிக்கிறார். ஃபயர்வால் வாங்கி மாட்டிவிட்டு மறந்துவிடுகிறவர்களுக்கும் அது பொருந்தும். மாதம் ஒருமுறை, மாதக் கணக்கு முடிக்கும் நாளில், மேலே உள்ள ஆறு கேள்விகளையும் கேட்டு, பதிலை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். முதல் கேள்வியை நாளைக் காலையே கேட்டுவிடுங்கள். பதிலில் 3389 என்ற எண் வந்தால், வாடிக்கையாளரிடம் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்த வாசலை முதலில் அடைத்துவிடுங்கள்.